பிறர்க்கு வேண்டல்: தமிழ்க் கிறித்தவ வழக்கில் ஒரு சொல்வரலாறு

பிறர் நலம் நாடி இறைவனை இரத்தல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாயினும், அதனை வழிபாட்டின் இன்றியமையாததோர் உறுப்பாக வகுத்துக்கொண்டு, அதற்கெனத் தனி இடமும் தனிச் சொற்களும் அமைத்தோருள் கிறித்தவர் குறிப்பிடத்தக்கவர். ஐரோப்பிய மொழிகளில் இதன் வரலாறு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. தமிழில் இது ஏறத்தாழ நானூற்றெண்பது ஆண்டு வழங்கியும், சமய நூலோர் கைப்பொருளாகவே நின்று, மொழிநூலோர் கண்ணிற்கு அத்துணைப் புலப்பட்டதில்லை. பிறர்க்கு வேண்டும் ஒருவர் அப்பிறரைத் தம்மோடு சேர்த்து எண்ணுகின்றாரா, எதிரே நிறுத்தி எண்ணுகின்றாரா என்பதை அவர் ஆளும் சொல்லே காட்டிக்கொடுக்கும். ஆதலின் இஃது இலக்கணத்தோடு பட்ட செய்தியுமாம்.

யாம் இவ்வாராய்ச்சியை ஆலங்காயத்தை நடுவாகக் கொண்டு நிகழ்த்துகின்றோம். சவ்வாது மலையின் அடியில் அமைந்த இவ்வூர், முன்னர் வடஆர்க்காட்டிலும் பின்னர் வேலூர் மாவட்டத்திலும் இருந்து, 2019இல் திருப்பத்தூர் மாவட்டத்தின்பாற் பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடும் தொழில் செழித்த நிலம் இது. இசுலாமிய வணிகரும் இந்துக்களும், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாருமாகிய கிறித்தவரும் ஒரே தொழிலின் பல படிகளில் நின்று வாழ்கின்ற இடம். ஒரு சமயத்தார் பிற சமயத்தார்க்கு வேண்டும்பொழுது என்ன நிகழ்கின்றது என்பதைக் காண இதனினும் ஏற்ற களம் அரிது.

முதற்கண் சொற்களை நோக்குவோம். பவுல் அடிகள் பெயரால் வழங்கும் தீமோத்தேயுவுக்கான முதல் திருமுகத்தின் இரண்டாம் இயல், எல்லா மக்கட்காகவும் வேண்டுதல் வேண்டும் எனக் கூறுமிடத்து நான்கு கிரேக்கச் சொற்களை அடுக்குகின்றது. பவர் குழுவினர் செய்து 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு அவற்றை முறையே விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம் என்றது. இவற்றுள் மூன்றாவதான 'எந்தியூக்சிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே நம் ஆராய்ச்சிக்கு உரியது. அச்சொல் கோயிலில் பிறந்ததன்று; அரசவையில் பிறந்தது. எகிப்தைத் தாலமி மரபினர் ஆண்ட கி.மு. 3ஆம் நூற்றாண்டில், குடிமக்கள் அரசன் பெயருக்கு எழுதிய முறையீட்டு ஓலைகள் இப்பெயராலேயே வழங்கின. மணலிற் புதைந்து கிடந்த பாப்பிரசு ஓலைகள் பல இன்று நூல்களாக வெளிவந்துள்ளன.

அரசனிடம் செல்லும் இச்சொற்கு நேரான தமிழ் யாது? விண்ணப்பம் என்பதே என யாம் கருதுகின்றோம். பல்லவர், சோழர் சாசனங்களில் கொடை பெற வேண்டியோ, கொடை அளிக்கச் செய்ய வேண்டியோ அரசனுக்கு அறிவிப்பது விண்ணப்பம் எனவும், வடமொழிப் பகுதிகளில் விஜ்ஞப்தி எனவும் குறிக்கப்பெறும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லல் வேண்டா. வாணியம்பாடியை அடுத்த உதயேந்திரத்தில் கிடைத்த செப்பேடுகள் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் இரண்டாம் மடலத்தில் உள்ளன. அவற்றுள் 8ஆம் நூற்றாண்டினனாகிய நந்திவர்ம பல்லவமல்லனின் 21ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் ஏடு, படைத்தலைவன் உதயசந்திரன் அரசனை வேண்ட, அவ்வேண்டுகோட்கிணங்கி 108 அந்தணர்க்கு ஊர் வழங்கப்பெற்றதைக் கூறுகின்றது. கேட்டவன் வேறு, பெற்றோர் வேறு, கொடுத்தவன் வேறு. நந்திபுரத்தில் முற்றுகையுண்டிருந்த அரசனை மீட்டவன் உதயசந்திரன் ஆதலின் அவன் சொல் அவையேறிற்று. பிறர்பொருட்டு வேண்டுதலின் மூவிட அமைப்பு முழுவதும் இச்செப்பேட்டில் விளங்குகின்றது. கேட்பவனுக்கு அவையில் ஒரு தகுதி வேண்டும் என்பதும், அத்தகுதியைத் தன்பொருட்டன்றிப் பிறர்பொருட்டுச் செலவிடுகின்றான் என்பதும் இதனுள் அடங்கும். ஊர் அவன் பெயரால் உதயசந்திரமங்கலம் ஆயிற்று என்பதனால் முற்றும் தன்னலம் துறந்தான் என்றும் சொல்லுதற்கில்லை. அது நிற்க.

இத்துணைப் பொருத்தமுடைய விண்ணப்பம் என்னும் சொல்லை மொழிபெயர்ப்பாளர் நான்கனுள் முதற்சொற்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதற்குப் பொதுச்சொல்லாகிய வேண்டுதலை அமைத்தனர். இது பிழையன்று, எனினும் அவை முன் நின்று பிறர்க்குப் பேசுதல் என்னும் சிறப்புப்பொருள் மறைந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இக்குறையைத் தீர்த்தது. அது பெயர்ச்சொற்களை விடுத்து வினைச்சொற்களை ஆண்டு, முதலதற்கு மன்றாடுதலையும் மூன்றாவதற்குப் பரிந்து பேசுதலையும் வைத்தது.

இவ்விரண்டும் கூர்ந்து நோக்கத்தக்கன. மன்றாடு என்பது மன்றின்கண் நின்று வழக்குரைத்தல். பின்னர்க் கெஞ்சிக் கேட்டல் என்னும் பொருட்டாயிற்று. (சோழர் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க ஆடு ஏற்றுக்கொண்ட இடையரை மன்றாடி என்பது வேறு வழக்கு, அதன் சொற்பிறப்பு ஈண்டு வேண்டற்பாலதன்று.) சோதோம் நகர்க்காக ஆபிரகாம் இறைவனோடு பேசிய பகுதி தொடக்க நூலின் 18ஆம் இயலில் உண்டு. ஐம்பது நல்லோர் இருப்பின் நகரை விடுவையோ எனத் தொடங்கிப் பத்து வரை தொகையைக் குறைத்துக்கொண்டே வருகின்றார். அதனை இரத்தல் என்பதினும் மன்றாடல் என்பதே தகும். நடுவனிடம் நடுவுநிலையை நினைவூட்டி வழக்காடுதல் அது. அந்நகரத்தார் ஆபிரகாமின் உறவினரல்லர். உறவினனாகிய லோத்து ஒருவனே ஆண்டு இருந்தான். எனினும் வேண்டுகோள் நகர் முழுமைக்கும் சென்றது.

பரிதல் என்பதோ மன்றிற்குரியதன்று, மனைக்குரியது. மாணிக்கவாசகர் பிடித்த பத்தில் தாயின் அன்பிற்கு மேலாக இறையன்பைச் சொல்லுமிடத்து ஆண்ட சொல் அது. 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில், சிலுவையில் தொங்கும் கிறித்து தம்மைக் கொல்வாரை மன்னிக்குமாறு தந்தையை வேண்டுங்கால் இப்பரிதலையே வினையெச்சமாக வைத்தார். வைணவ மரபில் வளர்ந்து கம்பனில் தோய்ந்த புலவர் அவர். பகைவர்க்கு வேண்டுதல் என்னும் கிறித்தவக் கோட்பாட்டிற்குச் சொல் தேடுகையில் தமிழ்ப் பத்திமரபில் தாய்மைக்குரிய சொல்லை எடுத்தார் என்பது எம் துணிபு. இவ்வாறு வழக்காடுதலும் தாயன்பும் ஆகிய இரண்டும் ஒருங்கே பொருந்தியதால் 'பரிந்து பேசுதல்' என்னும் தொடர் நிலைபெற்றது.

இனி, ஜெபம் என்பது மந்திரத்தை உருவேற்றும் ஜபம் என்னும் வடசொல்லின் திரிபு. உருவேற்றுதல் பெரும்பாலும் தன்பொருட்டே நிகழ்வது. அச்சொல் பிறர்க்காக வாய்விட்டுப் பேசுதலைக் குறிக்கலானது கிறித்தவர் செய்த பொருள்மாற்றம்.

அச்சேறிய முதல் தமிழ் நூல்கள் இவற்றுள் எதனையும் தலைப்பில் ஏற்கவில்லை. என்றீக்கு அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட நூல் தம்பிரான் வணக்கம். அடுத்த ஆண்டு வந்தது கிரீசித்தியானி வணக்கம். அவற்றிற்கு முன், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார் பரதவர்க்கு வழிபாட்டுரைகளைத் தமிழில் கற்பித்தார். 1544இல் தம் துணைவர்க்கு எழுதிய மடலொன்றில் அவர் ஒரு திருத்தம் கூறுகின்றார். நம்பிக்கை அறிக்கையில் 'விசுவசிக்கிறேன்' என வரவேண்டிய இடத்து 'வேணும்' எனத் தமிழில் அமைந்துவிட்டதாம். அதனை மாற்றுக என்கின்றார். மொழி அறியாதார் செய்த பிழை என நாம் நகைத்துக் கடக்கலாம். ஆயினும், தமிழில் கிறித்தவர் ஓதிய முதல் வழிபாட்டுரையில் 'எனக்கு வேணும்' என்னும் தொடர் தவறிப் புகுந்திருந்ததும், அதனைக் களைதலே முதல் திருத்தமாயிருந்ததும் சொல்வரலாறு காண்பார்க்குச் சுவை தருவன.

தமிழர்க்குப் பிறர்பொருட்டு வேண்டல் புதிதோ எனின், அன்று. ஐங்குறுநூற்றின் முதற்பத்தாகிய வேட்கைப் பத்தினை ஆராய்வார் நன்கறிவர். ஓரம்போகியார் பாடிய அப்பத்தில், கணவன் பரத்தையிற் பிரிந்தமையால் துயருற்ற தலைவி தன் துயரைக் கூறி எதனையும் வேண்டவில்லை. விளைவு பெருகுக, பசி ஒழிக, பிணி நீங்குக, வேந்தன் பகை தணிக, மழை பொழிக என உலகிற்கு வேண்டினாள். தோழியோ தலைவன்பொருட்டும் தலைவியின் நல்வாழ்வின்பொருட்டும் வேண்டினாள். துயருற்றவள் உலகிற்கு வேண்ட, அவட்கு வேறொருத்தி வேண்டுகின்றாள். 1 தீமோத்தேயு கூறும் முறையும் அரசரையும் எல்லா மக்களையும் முன்வைப்பதே.

ஆனால் தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் புறநிலை வாழ்த்து ஒரு வேறுபாட்டையும் புலப்படுத்தும். நீ வழிபடும் தெய்வம் நின்னைப் புறங்காப்பதாக, குற்றமற்ற செல்வத்தோடு வழிவழியாகப் பொலிக என்பது அதன் பொருள். காக்குமாறு வேண்டப்படும் தெய்வம் வாழ்த்துவோன் தெய்வமன்று; வாழ்த்தப்படுவோன் தெய்வம். பிறனுக்கு வேண்டும்பொழுது பிறன் கடவுளையே துணைக்கழைத்தது பண்டைத் தமிழ் வழக்கு. கிறித்தவர் இவ்வாறு வேண்டுதல் அவர்தம் கோட்பாட்டிற்கு இயையாது. ஆதலின் பிறனைத் தம் கடவுள்முன் கொண்டு நிறுத்தும் கடன் அவர்க்கு வந்தது. அங்ஙனம் நிறுத்தும்பொழுது அவனை எப்பெயரால் அழைப்பது என்னும் வினா எழுந்தது. இதன்கண்ணேதான் இடர்ப்பாடு மிகுதி.

கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் தொன்றுதொட்டு வரும் மன்றாட்டுகளுள் யூதர்க்கான வேண்டுதல் ஒன்று. அதில் அவர்களை நம்பிக்கையற்றோர் என இகழும் இலத்தீன் அடைமொழி இருந்தது. அதனை 1959இல் திருத்தந்தை 23ஆம் யோவான் நீக்கினார். பல நூற்றாண்டு ஒரு மக்களுக்காக வேண்டியவாறே அவர்களை இகழ்ந்தும் வந்தனர் என்பது இதனாற் பெறப்படும். தமிழ்நாட்டில் இதனை ஒத்தது 'அஞ்ஞானிகள்' என்னும் சொல். ஐக்கிய மொழிபெயர்ப்பில் வரும் 'புறஜாதியார்' என்பதும் அத்தகையதே. 1857 கிளர்ச்சிக்குப் பின், 1858இல் பஞ்சாபின் லூதியானாவில் கூடிய அமெரிக்கப் பிரெசுபிடேரிய ஊழியர், உலகக் கிறித்தவர் அனைவரும் 1860 சனவரியில் ஒரு கிழமை கூடி வேண்டுக என அழைப்பு விடுத்தனர். உலகெங்கும் பரவிய வேண்டுதல் வாரம் இந்திய மண்ணிற் பிறந்ததாயினும், அதில் இந்தியருட் பெரும்பாலோர் வேண்டப்படுபவராகவே இடம்பெற்றனர். 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'புறஜாதியார்' என்பதை விடுத்துப் 'பிற இனத்தார்' என்றது. புறம் பிற ஆயிற்று. ஒலியளவில் சிறிது, பொருளளவில் பெரிது.

இப்பகுதியின் திருச்சபை வரலாற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. 1853இல் இசுகட்டர் குடும்பத்தார் முன்னின்று அமைத்த ஆர்க்காட்டு மிஷன் 1947 செப்டம்பர் 27இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையில் அடங்கிற்று. வேலூர்ப் பேராயம் 1976இல் தனித்து அமைந்தது. ஆம்பூர்ப் பகுதியில் மிசௌரி லூதரன் சபையார் வந்து, 1920களில் பெதஸ்தா மருத்துவமனை எழுந்தது. வேலூரில் ஐடா இசுகட்டர் அம்மையார் 1918இல் மகளிர்க்கு மருத்துவக் கல்வி தொடங்கினார். ஆனால் திருப்பத்தூர்க் கிறித்துகுல ஆசிரமத்தைக் கூறாதிருத்தல் இயலாது. 1921இல் அதனை நிறுவிய மருத்துவர் இருவர், சவரிராயன் ஏசுதாசனும் இசுகாத்லாந்தினராகிய எர்னெசுட்டு பாரெசுட்டர் பேட்டனும். இவர்களைச் சுற்றத்தார் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். திராவிடக் கோயில் வடிவில் அமைந்த ஆசிரமத்தின் செபாலயம் இன்றும் காண்பார் நெஞ்சைக் கவர்வது. கதருடுத்த சின்னண்ணன் 1932இல் சென்னையில் காவலரால் அடியுண்டார். அச்செய்தி பிரித்தானியப் பாராளுமன்றம் வரை எட்டிற்று. பிரித்தானிய மன்னர்க்காகத் திருச்சபைகள் ஞாயிறுதோறும் வேண்டிவந்த காலம் அது. ஆள்வோர்க்கு வேண்டுக எனப் பவுல் கூறியபொழுதும் உரோமில் ஆண்டோர் கிறித்தவரல்லர். 1950 சனவரி 26இற்குப் பின் மன்னர் பெயர் இருந்த இடத்திற்குக் குடியரசுத் தலைவர் வந்தார். வேண்டுதலுரையில் அரசியல் மாற்றம் பதிவாவது இங்ஙனம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் யுசுதீன் என்னும் அறிஞர் எழுதிய விளக்கவுரையில், மறையுரை முடிந்தபின் அனைவரும் ஒருங்கே எழுந்து தமக்காகவும் எங்குமுள்ள பிறர்க்காகவும் வேண்டினர் என்னும் குறிப்பு உண்டு. உரோமைத் திருப்பலியில் இவ்வழக்கம் 6ஆம் நூற்றாண்டளவில் மங்கி, பெரிய வெள்ளியன்று மட்டும் எஞ்சிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 53ஆம் பிரிவு இதனை மீட்டது. தென்னிந்தியத் திருச்சபையின் 1950ஆம் ஆண்டு இராப்போசன ஒழுங்கிலோ மக்கள் மறுமொழி கூறும் மன்றாட்டு முறை முன்னரே இடம்பெற்றுவிட்டது. இதனால் மக்கள் தம் தாய்மொழியில், தம் ஊரின் குறைகளைத் தாமே எடுத்துரைக்கும் வாய்ப்பு நேர்ந்தது.

இங்ஙனம் மக்கள் பேசத் தொடங்கியபின், தமிழிலக்கணம் தன் வேலையைத் தொடங்குகின்றது. ஆங்கிலம், இலத்தீன் முதலிய மொழிகளில் தன்மைப்பன்மை ஒன்றே. தமிழில் எம், நம் என இரண்டு. கிறித்து கற்பித்த வேண்டுதலைத் தமிழில் தொடங்குவோர் 'எங்கள்' என்றே கூறுவர். 'நம்' எனின் கேட்கும் கடவுளையும் உளப்படுத்தியதாய் வழுப்படும். இதனை வெறும் விலக்காகவே பலர் காண்பர். வினையியலில் தன்மைப்பன்மை ஈறுகளை விளக்கும் உரையாசிரியர் கூறுவதோ வேறு. அம், ஆம் ஈறுகள் முன்னின்றாரை உளப்படுக்கும். எம், ஏம் ஈறுகள் படர்க்கையாரை உளப்படுக்கும் என்பர். எனவே 'எங்கள்' என்பது முன்னிலையாரை விலக்குவதோடு நில்லாமல், ஈண்டு இல்லாதாரைச் சேர்த்துக்கொள்வதுமாம். கடவுளை நோக்கி 'எங்களுக்கு' என்னும் ஒருவர், ஆண்டு வாராதாரையும் அச்சொல்லுள் அடக்கிவிட இலக்கணம் இடந்தருகின்றது. நம்மாழ்வார் திருவிருத்தத்தின் முதற்பாட்டில் தம் விண்ணப்பத்தைக் கூறுமிடத்து 'யாம்' எனப் பன்மை ஆண்டதற்கு, வைணவ உரையாளர் உலகோர் துயரையும் தம்மோடு கூட்டிக்கொண்டமை காரணம் என்பர். அவர்கள் கண்டதும் இதுவே.

ஆயின் பிறர்க்கு வேண்டுங்கால் இருவகை நடை பயில்கின்றது. ஒன்று, 'அவர்களுக்கு இரங்கும்' எனப் பிறரைப் படர்க்கையில் நிறுத்துவது. மற்றொன்று, 'எங்களுக்கு இரங்கும்' என அவரை உள்ளடக்குவது. முன்னதில் குறை யாருடையது என்பது தெளிவு. ஆயினும் வேண்டுவோன் குறையற்றவனாகத் தோன்றுவான். பின்னதில் ஒன்றிப்பு உண்டு. ஆயினும் குறையுடையார் பெயர் மறைந்துபோம். மறைதலும் சிறு தீங்கன்று. 2015 சனவரி 31இல் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோற்கழிவுத் தொட்டி உடைந்து தொழிலாளர் பதின்மர் மாண்டனர். அத்தகையோரைப் பொதுவாகத் 'துன்புறுவோர்' என்னும் ஒரு சொல்லுள் அடக்கி வேண்டுதல், பெயரில்லாரைப் பின்னும் பெயரிலராக்குவதே. பாலாற்றங்கரையின் மாசினை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகசுட்டு 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்றாடுதல் என்பதன் பழம்பொருளை நினைப்பார்க்கு, அவ்வழக்கும் பிறர்பொருட்டு மன்றின்கண் பேசிய ஒன்றே.

தோற்றொழிலார்க்கும் வேண்டுதலுக்கும் விவிலியத்திலேயே ஓர் இயைபு உண்டு. திருத்தூதர் பணிகள் 10ஆம் இயலில், யோப்பா நகரில் பேதுரு தோல் பதனிடும் சீமோன் என்பான் வீட்டில் தங்கினார். அத்தொழில் யூதர்க்குத் தீட்டு. அவன் வீட்டு மேல்தளத்தில் வேண்டிக்கொண்டிருக்கையில்தான், எவரையும் தீட்டுடையார் எனக் கருதலாகாது என்னும் தெளிவு அவர்க்குப் பிறந்தது. அவ்வேளையில் அவரைத் தேடி வந்தோர், பிற இனத்தானாகிய கொர்னேலியு அனுப்பிய ஆட்கள். வேண்டிக்கொண்டிருந்தவன் அவனுமே. சுண்ணாம்பு நீரும் ஆவாரம்பட்டையும் கலந்த நாற்றம் எழும் ஆம்பூர்த் தெருக்களில் வாழ்வோர்க்கு இவ்வியல் தரும் பொருள் வேறு. நூலகத்தில் இருந்து படிப்பார்க்கு வேறு.

எம் ஆராய்ச்சியின்போது ஆலங்காயம் வட்டாரத்தில் ஞாயிறு வழிபாடொன்றில் கலந்துகொண்டோம். குறை கூறுவோர் எழுந்து கூறலாம் என்றனர். தோல் பதனிடும் இடத்தில் முப்பதாண்டு உழைத்த மூதாட்டி ஒருவர் எழுந்து, "எங்க சாயபு வீட்டம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியல, ஆஸ்பத்திரில இருக்காங்க, ஜெபம் பண்ணுங்க" என்றார். தம் பிள்ளை, தம் முழங்கால் வலி என எதனையும் சொல்லாது அமர்ந்தார். வழிபாடு நடத்தியவர் கண்மூடி, "அந்த இசுலாமியக் குடும்பத்தாரை நினைத்தருளும்" என்று வேண்டினார். அவர் அன்பில் குறைவில்லை. குரலிலும் உருக்கம் இருந்தது. ஆயினும் மூதாட்டி கூறிய 'எங்க' என்னும் சொல் கடவுளிடம் சேரும்பொழுது 'அந்த' ஆகியிருந்தது. வழிபாடு முடிந்து வெளியே வந்தபின் அம்மூதாட்டியிடம் நோயாளர் எவ்வாறிருக்கின்றார் என வினவினோம். நேற்று மாலை பேருந்தேறி வேலூர் சென்று பார்த்துவந்ததாகவும், அவர் கண்விழித்துத் தம் பெயரைச் சொல்லி அழைத்ததாகவும் கூறினார்.